லைப்ரரி அக்கா பதில்கள்: சிண்ட்ரெல்லா ஏன் வாயே திறக்கவில்லை?

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, பழைய தேவதைக் கதைகளை எடுத்துப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாயாஜால நாவல்களாகத் திருப்பி எழுதுகிறார்களே, அவை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாராட்டு, திட்டு, சந்தேகம் எல்லாம் உண்டு. ஒருவர் என் வயதை விசாரித்திருக்கிறார் (63). சரி, இந்த இதழ் முழுக்க அந்தப் பேச்சாகவே இருக்கட்டும். பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் அப்படியே செய்துவிட்டேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட் கதையையே யாரோ முந்நூறு நானூறு பக்கத்துக்கு இழுத்து எழுதியதை ஆங்கிலத்தில் மாய்ந்து மாய்ந்து படிக்கிறாள். ஐந்து வயதில் கேட்ட கதையைப் பதினான்கு வயதில் போய்ப் படிப்பதா? — ஓர் அம்மா, ஈரோடு

ஐந்து வயதுக் குழந்தைக்கு சிண்ட்ரெல்லா கதை சொல்லிப் பாருங்கள். பூசணிக்காய் எப்படி வண்டியாச்சு என்று கேட்கும். எலி எப்படிக் குதிரையாச்சு என்று கேட்கும். "அந்த அக்கா ஏன் எல்லா வேலையையும் செஞ்சா? முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று மட்டும் கேட்காது. பெரியவர்கள் சொன்னால் செய்ய வேண்டும் என்பது அந்த வயதில் மழை மேலிருந்து பெய்வது மாதிரி ஒரு நடப்பு. பதிமூன்று பதினான்கில்தான் அந்தக் கேள்வி முளைக்கும். வீட்டில் கேட்டால் எதிர்த்துப் பேசாதே என்போம். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நான் என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மாயவரத்தில் 26 வருஷம் வாடகை நூலகம் நடத்தினேன். 2004-இல் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய ஒரு குடும்பம், வீட்டில் இடமில்லை என்று இரண்டு அட்டைப்பெட்டி நிறைய ஆங்கிலப் புத்தகங்களை என் வாசலில் இறக்கிவிட்டுப் போனது. அதில் ஒன்று கெயில் கார்சன் லெவின் எழுதிய 'எல்லா என்சாண்டட்'. 1997-இல் வந்த நாவல். அட்டையில் ஒரு பெண் பிள்ளை. மூன்று மாதம் யாரும் தொடவில்லை. அப்புறம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எடுத்துப் போனாள். பத்தொன்பது நாள் திருப்பித் தரவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ரூபாய் வாடகை, அவளிடம் இருந்தது ஏழு ரூபாய். வாங்கிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அதே புத்தகத்துக்கு மறுபடி வந்து நின்றாள். என் ரிஜிஸ்தரில் அந்தப் புத்தகத்துக்கு நேரே அவள் உறுப்பினர் எண் பதினோரு தடவை இருக்கிறது.

அப்படி என்ன இருக்கிறது என்று பிறகுதான் நானே படித்தேன். சிண்ட்ரெல்லாதான் கதை. ஆனால் 'எல்லா' என்ற பெயருள்ள இந்தப் பெண் பிறந்தபோது ஒரு தேவதை வந்து வரம் கொடுத்துவிடுகிறாள்: யார் எதைச் சொன்னாலும் கீழ்ப்படிவாய். அந்தத் தேவதை அதை நல்ல வரம் என்றுதான் நினைக்கிறாள்! கையைக் கழுவு என்றால் கழுவியாக வேண்டும். குதி என்றால் குதித்தாக வேண்டும். சொன்னதைச் செய்யாமல் நின்று பார்த்தால் உடம்பு படுத்தும். சித்தியாக வரப்போகிறவளின் மூத்த பெண் இந்த ரகசியத்தை முன்பே மோப்பம் பிடித்துவிடுகிறாள், பிறகு அவர்கள் ஒரே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவ்வளவுதான், அடுப்படி.

சிண்ட்ரெல்லா எதற்காக இத்தனை நல்ல பெண்ணாக இருக்கிறாள் என்பது லெவினுக்கே பிடிபடவில்லையாம். யோசித்து யோசித்து, அது சாபமாக இருந்தால்தான் நம்ப முடிகிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். பழைய கதை அந்த இடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விடும்: 'அவள் மிகவும் பொறுமையானவள்.' நாவல் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுகிறது. இளவரசன் "என்னைக் கல்யாணம் செய்துகொள்" என்று சொன்னால் அதுவும் கட்டளைதானே? அப்போது எல்லா என்ன செய்கிறாள் என்பதை நான் சொல்ல மாட்டேன், உங்கள் மகளிடம் கேளுங்கள்.

அந்த மாயவரத்துப் பெண் பதினோராவது தடவை புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, பாதி சிரிப்பாக, "அக்கா, சரி சரின்னு சொல்றது சாபம்னு எழுதியிருக்காங்க" என்றாள். அவள் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியும். அதற்குமேல் இங்கே எழுத முடியாது.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் இருக்க முடியும்? — வேலூர்

வேலூர்க்காரர் கேட்கிற கேள்வியா சார் இது? உங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கர்ண மோட்சம் கூத்து நடக்கும். கர்ணன் சாகப் போகிறான் என்று முன்வரிசையில் துண்டு விரித்துப் படுத்திருக்கிற பொடியனுக்கும் தெரியும். ஆனாலும் போருக்குப் போகுமுன் பொன்னுருவியிடம் விடைபெறுகிற கட்டம் வந்தால் தூங்குகிறவனைத் தட்டி எழுப்புவார்கள். வியாச பாரதத்தில் அந்தப் பெண்டாட்டிக்கு ஏது அத்தனை பேச்சு? கூத்துக்காரர்கள் கொடுத்தார்கள். என்ன ஆகும் என்ற கவலை இல்லாததால்தான் அவள் என்ன பேசுவாள் என்று காது கொடுக்க முடிகிறது. இந்த நாவல்களிலும் அதுதான் நடக்கிறது.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். மூலக் கதையைச் சிதைத்து, சிண்ட்ரெல்லாவுக்கு வாள் கொடுத்து, ஸ்னோ ஒயிட்டுக்கு ராணுவம் கொடுத்து எழுதுவதெல்லாம் வியாபார உத்தி. மூலத்தைப் படித்தால் போதாதா? — தென்காசி

ஐயா, வியாபாரமும் உண்டு, மறுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த பெயரை அட்டையில் போட்டால் பாதி விளம்பரம் மிச்சம். அந்த நினைப்பில் அவசரமாகச் சமைத்த நாவல்கள் எத்தனையோ. நீங்கள் சொல்கிற வாள் சமாச்சாரம் எனக்கும் அலுப்புதான். கையில் வாளைக் கொடுத்துவிட்டால் பெண்ணுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மூலம் என்கிறீர்களே, அதைத்தான் நானும் தேடிப் பார்த்தேன். கண்ணாடிச் செருப்பும் பூசணி வண்டியும் 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ எழுதியவை. அவர் கதையில் சிண்ட்ரெல்லா அக்காக்களை மன்னித்துப் பெரிய இடத்தில் கல்யாணமும் செய்து வைக்கிறாள். 1812-இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட கதையில் பூசணியும் இல்லை, தேவதையும் இல்லை. அம்மா சமாதியில் வளர்ந்த மரம்தான் உடை கொடுக்கிறது. செருப்புக்குள் காலைத் திணிக்க ஓர் அக்கா கட்டைவிரலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி குதிகாலை. பெரோவுக்கும் முன்னால் 1630-களில் நேப்பிள்ஸ்காரர் பசீலே இதே கதையை எழுதியிருக்கிறார். அவருடைய பெண் தன் முதல் சித்தியைக் கொலையே செய்துவிடுகிறாள்! அதற்கும் எண்ணூறு வருஷம் முன்னால், ஒன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் துவான் செங்ஷி என்பவர் எழுதி வைத்ததில் அந்தப் பெண்ணின் பெயர் யே ஷியென். சித்தி கொன்று தின்றுவிட்ட மீனின் எலும்புதான் அவளுக்கு வரம் தருகிறது. செருப்பு தங்கம்.

1893-இல் மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி உட்கார்ந்து எண்ணியதில் இந்தக் கதைக்கு 345 வடிவங்கள் கிடைத்தன. நம் பக்கத்திலும் உண்டு. மைசூரில் பிறந்த தமிழர் ஏ.கே. ராமானுஜன் கன்னடத்தில் சேகரித்த கதையில் வருகிறவள் ஹஞ்சி. ஹஞ்சு என்றால் ஓடு. தங்கத் தலைமுடியும் முகமும் தெரியாதபடி மண் ஓட்டு முகமூடி போட்டுக்கொண்டு அடுத்தவர் வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள்.

இதில் எதை மூலம் என்று பிடித்துக்கொள்வது? ராமகாதையைப் பாடம் நடத்திய உங்களுக்கு இதை நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். கம்பனைச் சிதைத்தவன் என்று யாராவது சொன்னால் நீங்கள் விட்டுவிடுவீர்களா?

அக்கா, நான் ஒரு பையனுக்கு மாற்றாந்தாய். அவனுக்கு ஏழு வயதில் வந்தேன், இப்போது பதினைந்து. இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் நான்தான் வில்லி. சில நாள் அவன் படிக்கிற புத்தகத்தின் அட்டையைப் பார்த்தாலே மனசு என்னவோ செய்கிறது. — மதுரை

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் யார்? 1812-இல் வந்த கிரிம் முதல் பதிப்பில் அவள் சித்தி கிடையாது. பெற்ற தாய். பனி மாதிரி வெள்ளையாக ஒரு பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெற்றவளே, அந்தப் பிள்ளை தன்னைவிட அழகாகிவிட்டாள் என்று பொறுக்காமல் ஆள் அனுப்புகிறாள். 1819-இல் இரண்டாம் பதிப்பு போட்டபோது தாயை முன்பே சாகடித்துவிட்டுச் சித்தியைக் கொண்டுவந்தார்கள். ஹேன்சல், கிரெட்டல் கதையிலும் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரலாம் என்று புருஷனிடம் சொன்னது முதலில் சொந்த அம்மாதான். அவளையும் பின்னால் வந்த பதிப்பில் சித்தியாக்கிவிட்டார்கள். புத்தகம் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்குப் போக ஆரம்பித்துவிட்டது, தாய் என்பவள் இப்படிச் செய்வாள் என்று அச்சில் இருப்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அம்மாக்கள் மேல் இருந்த பழியை இருநூறு வருஷமாக நீங்கள் சுமக்கிறீர்கள்.

இன்றைக்கு எழுதுகிறவர்களில் சிலர் அந்தப் பழியைத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். டோனா ஜோ நபோலியின் 'ஜெல்' (1996) ரபுன்ஸெல் கதை. கோபுரத்தில் பூட்டி வைக்கிறவளுடைய மனசையும் அதில் கேட்கலாம். பிள்ளை இல்லாத ஏக்கத்தில் எதைக் கொடுத்து எதை வாங்கினாள், வளர்த்த பெண் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அவளை எதுவரை கொண்டுபோனது என்று எழுதியிருப்பார். அவள் செய்ததை நியாயப்படுத்தவில்லை. வாசித்துவிட்டு ஒரு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீங்கள் முதலில் படியுங்கள், பையனுக்குக் கொடுப்பது அப்புறம்.

பிளஸ் ஒன் படிக்கிறேன். ரோபோ சிண்ட்ரெல்லா என்று ஒன்று இருக்கிறதாமே? எதிலிருந்து ஆரம்பிக்கலாம் அக்கா? — நாகர்கோவில்

முழு ரோபோ இல்லை அம்மாடி, பாதி. மரிஸ்ஸா மேயர் எழுதிய 'சிண்டர்', 2012-இல் வந்தது. எதிர்காலத்துப் புதிய பெய்ஜிங் நகரச் சந்தையில் ஒரு கடை. அதில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக் பெண் சிண்டர். ஒரு கையும் ஒரு காலும் உலோகம். புத்தகம் தொடங்கும்போதே தனக்குச் சின்னதாகிப் போன உலோகப் பாதத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அரண்மனைப் படிக்கட்டில் இவள் விட்டுவிட்டுப் போவது எது என்று இனி நீயே ஊகித்துக்கொள்ளலாம். அந்த இடத்தைப் படித்தபோது நான் கையைத் தட்டிவிட்டேன். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அதே வரிசையில் மேலும் மூன்று நாவல்கள் உண்டு: சிவப்புத் தொப்பிக்காரிக்கு ஒன்று, ரபுன்ஸெலுக்கு ஒன்று, ஸ்னோ ஒயிட்டுக்கு ஒன்று. ரபுன்ஸெலின் கோபுரம் அதில் பூமியைச் சுற்றுகிற செயற்கைக்கோள். கோபுரம் என்றால் என்ன? வெளியே போக முடியாத, எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்க்கிற இடம். செயற்கைக்கோளைவிடப் பொருத்தமாக வேறு எது கிடைக்கும்?

எனக்குச் சொந்தமாகப் பிடித்தது வேறு. ஷானன் ஹேல் எழுதிய 'புக் ஆஃப் எ தௌசண்ட் டேஸ்' (2007). கிரிம் தொகுப்பில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு கதை இருக்கிறது. அப்பா சொன்னவனைக் கட்டிக்கொள்ள மறுத்த பெண்ணை ஏழு வருஷத்துக்கென்று கோபுரத்தில் வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். கூடவே வேலைக்காரப் பெண்ணையும். அவள் என்ன பாவம் செய்தாள் என்று பழைய கதை கேட்கவே இல்லை. ஹேல் அந்தக் கதையை மங்கோலியப் புல்வெளி மாதிரி ஒரு நாட்டுக்குக் கொண்டுபோய், முழுக்க வேலைக்காரியின் நாட்குறிப்பாக எழுதியிருக்கிறார். எத்தனை மூட்டை தானியம் இருக்கிறது, எலி எவ்வளவு தின்றது, எஜமானி இன்றைக்கும் அழுதாளா என்றெல்லாம் அவள் கணக்கு வைக்கிறாள். காதல், மந்திரம் எல்லாம் பின்னால் வருகிறது. எனக்கென்னவோ அந்த எலிக் கணக்குதான் மறக்கவில்லை. வீட்டில் அரிசி டின்னைத் திறந்து பார்த்துக் கணக்குப் போட்டவர்களுக்குத் தெரியும்.

ஆங்கிலம் இரண்டுமே எளிது. வாங்குவதற்கு முன் உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு முறை கேட்டுப் பார்.

இதெல்லாம் பொண்ணுங்க படிக்கிற புத்தகம் என்று என் நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன செய்வது? — பத்தாம் வகுப்பு, திருச்சி

பிரவுன் ஷீட் போடு தம்பி. மேலே 'இயற்பியல்' என்று எழுது.

அப்புறம், நபோலியே எழுதிய 'பீஸ்ட்' (2000) கிடைத்தால் படி. அழகியும் மிருகமும் கதையை மிருகத்தின் பக்கத்திலிருந்து சொல்கிறார். பாரசீக இளவரசன் ஒருவன் சிங்கமாகிவிடுகிறான். தொழுகை, படிப்பு என்று இருந்தவனுக்குத் திடீரென்று பச்சை மாமிசம் இனிக்கிறது. தன் உடம்பே தன் பேச்சைக் கேட்காமல் போகிற அவஸ்தை. பதினைந்து வயதில் அது எப்படி இருக்கும் என்று உன் நண்பர்களுக்கும் தெரிந்திருக்கும், சொல்ல மாட்டார்கள்.

'அழகியும் மிருகமும்' கதையைப் பற்றிக் கேட்க வேண்டும். அடைத்து வைத்தவனையே ஒரு பெண் விரும்புகிற கதையைத்தான் இந்த நாவலாசிரியர்கள் அதிகம் திருப்பி எழுதுகிறார்கள் போலிருக்கிறது. என் பெண்ணுக்கு இதைக் கொடுப்பது சரியா? — ஓர் அப்பா, சென்னை

நியாயமான கவலை. நீங்கள் கவலைப்படுகிற மாதிரியான புத்தகங்களும் சந்தையில் இருக்கின்றன. முரட்டுத்தனத்துக்கே காதல் என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். பூவும் முள்ளும் கிரீடமும் போட்ட அட்டைகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இளையோர் நாவல் என்று முதலில் வெளியாகிப் பிறகு பெரியவர்கள் பிரிவுக்கு மாறிய தொடர்களும் உண்டு. ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக அப்படி ஒன்றை அட்டையை நம்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து என் பிரதியை நூறு பக்கம் புரட்டியதும் ஆட்டோ பிடித்து ஓடினேன். அவள் அதற்குள் இருநூறாவது பக்கத்தில் இருந்தாள். "பரவாயில்லை அக்கா, எனக்குப் புரியுது" என்றாள். அசடு வழிந்துகொண்டு திரும்பி வந்தேன்.

ஆனால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்கள் கோபம் கொஞ்சம் திசை மாறும். 1740-இல் வில்னேவ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நீளமாக எழுதினார். இன்று நமக்குத் தெரிந்த சின்ன வடிவம் 1756-இல் லெப்ரன்ஸ் த போமோன் எழுதியது. இவர் லண்டனில் பணக்கார வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியையாக இருந்தவர். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எழுதினார். முன்பின் தெரியாத ஒருவன் வீட்டுக்கு, அப்பா ஒத்துக்கொண்டார் என்பதற்காகப் போய் வாழப்போகிற பெண்கள் அவர்கள். போகிற இடத்தில் இருப்பவன் மனுஷனா மிருகமா என்ற பயத்தை வாய்விட்டுப் பேச அவர்களுக்கு வேறு இடம் இருந்திருக்காது. நம் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் இந்தக் கதை உடனே புரிந்திருக்கும். என் அத்தைக்குப் பதினாறு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை முகத்தை மணவறைப் புகையில்தான் பார்த்தாராம், அதுவும் பாதி.

இன்றைய பெண்களுக்கு அந்தப் பயம் வேறு உருவத்தில் இருக்கிறது. அதனால் கதையும் மாறியாக வேண்டும். ராபின் மக்கின்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் இதையே இரண்டு தடவை நாவலாக்கியிருக்கிறார். முதலாவது 1978-இல் வந்த 'பியூட்டி'. அழகி என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டு அழகே இல்லாத, குதிரையும் புத்தகமுமாகத் திரிகிற பெண். மிருகத்தின் கோட்டையில் ஒரு நூலகம் இருக்கிறது, அதில் இனிமேல்தான் எழுதப்படப் போகிற புத்தகங்களும் இருக்கின்றன! அடைத்து வைத்தவன் வீடாக இருந்தால் என்ன, நானாக இருந்தால் அந்த அறையை விட்டு வந்திருக்க மாட்டேன். இது ஒரு நூலகக்காரியின் பலவீனம், பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இருபது வருஷம் போல ஆனபின் 1997-இல் மறுபடி எழுதினார், 'ரோஸ் டாட்டர்'. அதன் முடிவில் மிருகம் அழகான இளவரசனாக மாறுவதில்லை. மிருகமாகவே இருக்கிறான், அவள் விருப்பப்படி. இரண்டையும் உங்கள் பெண்ணுக்குக் கொடுங்கள். எந்த முடிவு அவளுக்குப் பிடித்தது என்று கேளுங்கள். அவள் சொல்கிற காரணத்தைக் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

தமிழில் ஏன் இப்படி ஒன்றும் வருவதில்லை? எழுத ஆசைப்படுகிறேன், எந்தக் கதையை எடுப்பது? — காரைக்குடி

தமிழில் திருப்பி எழுதுவது புதுசே இல்லை. புதுமைப்பித்தன் 1943-இல் 'சாபவிமோசனம்' எழுதினார். கல்லாகிக் கிடந்து எழுந்த அகலிகை, சீதையை நெருப்பில் இறங்கச் சொன்னது ராமன்தான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். ஏன் என்று ஒரு பெண் கேட்டால் கதை எப்படித் திரும்பும் என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அது பெரியவர்களுக்கு எழுதியது. பதினான்கு வயதுக்கென்று என் நூலகத்தில் தனி அலமாரியே வைக்க முடிந்ததில்லை. ஒரு பக்கம் அம்புலிமாமா பைண்டு வால்யூம், அடுத்த தட்டில் நேரே கிரைம் நாவல். நடுவில் இருக்கிற பிள்ளைகள் இரண்டுக்கும் இடையே வெறும் கையோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

எந்தக் கதை என்று கேட்டீர்கள். என் அத்தை திண்ணையில் சொன்னதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகைக்குள் ஒரு கிளி, கிளிக்குள் ராட்சசன் உயிர். ராஜகுமாரன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகி ராஜகுமாரியை மீட்டு வருவான். அந்த ரகசியம் அவனுக்கு எப்படித் தெரிந்தது? ராட்சசன் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்த அந்தப் பெண்தான் கேட்டுச் சொல்கிறாள். ராட்சசன் சாப்பிட்டுவிட்டு வந்து அவள் மடியில் தலை வைத்துப் படுப்பான், அவள் பேன் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அழுவாள். அவன் நம்பிவிடுவான். உலகத்தில் யாருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொல்லுவான்.

அத்தை அதோடு ராஜகுமாரனைப் பின்தொடர்ந்து கடல் தாண்டப் போய்விடுவார். எனக்குப் பத்து வயதில் சரிதான் என்று இருந்தது. பதினைந்தில் கேட்டபோது குகையை விட்டு என்னால் போக முடியவில்லை. எத்தனை வருஷம் அங்கே இருந்தாள்? அந்த அழுகையில் எவ்வளவு பொய், எவ்வளவு நிஜம்? கிளி செத்த நொடியில் அவன் அவளைத் திரும்பிப் பார்த்தானா? ராஜகுமாரன் கூட்டிப் போன அரண்மனையில் அவன் தலையை இவள் மடியில் வைத்தபோது என்ன நினைத்துக்கொண்டாள்? அத்தையிடம் கேட்டதற்கு, "கதைன்னா உம் கொட்டணும், நோண்டக் கூடாது" என்று பதில் வந்தது.

நோண்டுங்கள். முன்னூறு பக்கம் அங்கே கிடக்கிறது. கி. ராஜநாராயணன் சேகரித்த நாட்டுப்புறக் கதைகளில் இப்படிப் பாதியில் விட்டுவிட்டு வந்த பெண்கள் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள். ஒன்றே ஒன்று: பதிமூன்று வயதுக்கு எழுதும்போது புத்திமதி வேண்டாம். முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். ரிஜிஸ்தரில் ஒரே நாளில் திரும்பி வந்த புத்தகங்கள் எல்லாம் அந்த ரகம்.

தேவதை உங்கள் முன் தோன்றினால் என்ன வரம் கேட்பீர்கள்? — கும்பகோணம்

என் நூலகத்திலிருந்து எடுத்துப் போய்த் திருப்பித் தராத 212 புத்தகங்கள். அதில் பாதி கும்பகோணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தகவல்.

உங்களுக்கு ரொம்பப் பிடித்த தேவதைக் கதை எது? — தூத்துக்குடி

தவளை ராஜா. கிரிம் தொகுப்பில் முதல் கதையே அதுதான். ராஜகுமாரி தவளைக்கு முத்தம் கொடுத்தாள், அது இளவரசனாச்சு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் முத்தமே கிடையாது. கட்டிலில் தூக்கி விடு, இல்லாவிட்டால் உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று அது படுத்திய பாட்டில், கோபம் வந்து தூக்கிச் சுவரில் ஓங்கி அறைகிறாள். அறைந்த பிறகுதான் இளவரசன். இதை என் பேத்தியிடம் சொன்னபோது இரண்டு நிமிஷம் சிரித்துவிட்டு, "பாட்டி, இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?" என்றாள்.

ஆனால் எனக்குப் பிடித்தது அந்த இடம் இல்லை. கதை முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது ஹென்ரிஹ் என்று ஒரு வேலைக்காரன் வருகிறான். எஜமான் தவளையாகிப் போன துக்கத்தில் நெஞ்சு வெடித்துவிடக் கூடாதென்று மூன்று இரும்புப் பட்டைகளை நெஞ்சைச் சுற்றி அடித்துக்கொண்டவன். இருவரையும் வண்டியில் வைத்து அழைத்துப் போகிறான். வழியில் படீரென்று ஒரு சத்தம். வண்டி முறிகிறதா ஹென்ரிஹ் என்று கேட்கிறான் இளவரசன். இல்லை, என் நெஞ்சுப் பட்டை என்கிறான் இவன். மூன்று தடவை அதே சத்தம். அதோடு கதை முடிந்துவிடும்.

எஜமான் குளத்துக்குள் கிடந்த காலமெல்லாம் அவன் எங்கே இருந்தான், பட்டையை அடித்துக் கொடுத்த கொல்லன் என்ன சொன்னான், ராத்திரியில் எப்படிப் படுத்தான்? இதை யாராவது நாவலாக எழுதியிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டே இருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. பேத்தியை எழுதச் சொன்னேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள், கொல்லன் பட்டறை வரை வந்திருக்கிறது. நாலாவது பக்கத்துக்குள் காலாண்டுப் பரீட்சை வந்துவிட்டது.